பிகாஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் பிரிப்பது எப்படி?

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், பாளையங்கோட்டைப் பக்கம் டியூஷன் பிள்ளைகளின் போனில், ஆங்கில வாக்கியம் சிம்பிளா (தனி), காம்பவுண்டா (தொடர்), காம்ப்ளெக்ஸா (கலவை) என்று பிரித்துக் காட்டுகிற ஒரு அட்டவணை சுற்ற ஆரம்பித்துவிடும். மூன்று கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் இன் ஸ்பைட் ஆஃப், பிகாஸ் ஆஃப், ட்யூ டு. இதெல்லாம் வந்தால் சிம்பிள் சென்டென்ஸ். இரண்டாவதில் அண்ட், பட், ஆர், ஸோ, யெட். வந்தால் காம்பவுண்ட். மூன்றாவதில் பிகாஸ், ஆல்தோ, வென், இஃப், ஸின்ஸ், ஆஃப்டர். வந்தால் காம்ப்ளெக்ஸ். இதை மனப்பாடம் பண்ணினால் மார்க் உங்கள் கையில் என்று கீழே ஒரு வரி வேறு போட்டிருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்களுக்கும் நான் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். அந்த அட்டவணை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பல கேள்விகளுக்கு அது சரியான விடையையே கொடுத்துவிடும், அதனால்தான் பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு வாக்கியத்தைப் படிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கேள்வி எடுக்கிறவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

இதைப் பாருங்கள். 'இன் ஸ்பைட் ஆஃப் த ஃபேக்ட் தட் இட் ரெயின்ட், த பஸ் கேம் ஆன் டைம்.' இன் ஸ்பைட் ஆஃப் இருக்கிறது, அட்டவணைப்படி சிம்பிள். உண்மையில் இது காம்ப்ளெக்ஸ். 'நோபடி பட் முருகன் கேம்.' பட் இருக்கிறது, ஆனால் இது சிம்பிள், ஏனென்றால் இங்கே பட் என்றால் 'தவிர' என்றுதான் பொருள். 'ஆஃப்டர் த ரெயின் வீ வென்ட் டு குற்றாலம்' சிம்பிள், 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட் வீ வென்ட் டு குற்றாலம்' காம்ப்ளெக்ஸ். ரெண்டிலும் அதே ஆஃப்டர்தான். 'முருகன் அண்ட் செல்வி பாட் அல்வா அண்ட் மிக்சர் இன் டவுன்' என்று ஒருமுறை போர்டில் எழுதிப் போட்டேன். சேரன்மகாதேவியில் இருந்து வருகிற பையன் ஒருத்தன் எழுந்து, "சார், அண்ட் ரெண்டு தடவை வருது, அப்போ டபுள் காம்பவுண்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அட்டவணையை நம்பினால் அவன் கேட்டது நியாயமான கேள்விதானே. அது சிம்பிள் சென்டென்ஸ். ரெண்டு அண்டும் பெயரைத்தான் சேர்க்கின்றன.

சரி, இணைப்புச் சொல்லைப் பார்க்கக் கூடாது என்றால் எதைப் பார்ப்பது? வினையைப் பார்க்க வேண்டும். அதிலும் ஃபைனைட் வெர்ப் என்று சொல்வோமே, தமிழில் நாம் வினைமுற்று என்று படித்ததற்குப் பக்கத்தில் வருவது, அது எத்தனை என்று எண்ண வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் எத்தனை பெட்டி கோத்திருக்கிறது என்று எண்ணி என்ன ஆகப்போகிறது, எஞ்சின் எத்தனை என்று பாருங்கள் என்பேன். எழுவாயும் முற்றும் சேர்ந்த ஜோடி ஒன்றே ஒன்று இருந்தால் வாக்கியம் நாலு வரி நீண்டாலும் சிம்பிள்தான். ரெண்டு ஜோடி வந்துவிட்டால் 'ஐ கேம் அண்ட் ஹி லெஃப்ட்' அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் அது சிம்பிள் கிடையாது.

முற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். 'த பாய் ஸ்டாண்டிங் நியர் த டெம்பிள் இஸ் மை பிரதர்.' இதை நேற்றைக்குக் கொண்டுபோனால் 'இஸ்' மட்டும் 'வாஸ்' ஆகும், ஸ்டாண்டிங் அப்படியே நிற்கும். எது மாறுகிறதோ அதுதான் முற்று, ஆக ஒன்றுதான், ஆக சிம்பிள். இதைவிட மோசமாகப் பிள்ளைகளைக் கவிழ்ப்பது 'ட்' சத்தத்தில் முடிகிற வினைகள். 'த நோட்டீஸ் பேஸ்டட் ஆன் த வால் வாஸ் டோர்ன்.' பேஸ்டட் பார்க்க அப்படியே இறந்தகால முற்று மாதிரி இருக்கும். நாளைக்குக் கொண்டுபோங்கள்: 'த நோட்டீஸ் பேஸ்டட் ஆன் த வால் வில் பி டோர்ன்.' பேஸ்டட் அசையவில்லை. அது முற்று இல்லை, சுவரில் 'ஒட்டின' நோட்டீஸ், அவ்வளவுதான். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது, பென்சிலால் மாறுகிற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டால் போதும். கோடு போடாமல் மனசுக்குள்ளேயே எண்ணுகிற பிள்ளைகள்தான் தடுமாறுகிறார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு இது எளிதாகத்தான் வர வேண்டும். வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம் எல்லாம் ஏற்கெனவே தமிழ் வகுப்பில் படித்ததுதான். 'காலையில எழுந்து, குளிச்சு, இட்லி சாப்பிட்டு, ஜங்ஷன்ல பஸ் பிடிச்சு, ஸ்கூலுக்கு வந்தேன்' என்று சொல்லச் சொல்லி இதில் முற்று எது என்று கேட்டால் கடைசி பெஞ்ச் பையன்கூட 'வந்தேன்' என்று சொல்லிவிடுவான். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் பெயர்த்துவிட்டு முற்றை எண்ணாதீர்கள், அது கவிழ்த்துவிடும். 'த அல்வா விச் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் ஓவர்' என்பதைத் தமிழில் சொன்னால் 'நான் நேத்து வாங்கின அல்வா தீர்ந்துபோச்சு'. தமிழில் வாங்கின என்பது பெயரெச்சம், முற்று ஒன்றுதான். ஆங்கிலத்தில் பாட் முழு முற்று, தனக்கென்று 'ஐ' என்ற எழுவாயோடு உட்கார்ந்திருக்கிறது, அதனால் காம்ப்ளெக்ஸ். நாம் எச்சத்தால் முடிக்கிற வேலையை ஆங்கிலம் இன்னொரு முற்றைப் போட்டு விச், ஹூ, பிகாஸ் என்று கோக்கிறது.

இதை நம்ம ஜில்லாவிலேயே உட்கார்ந்து ஒருத்தர் எழுதிவைத்துவிட்டார். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், சமஸ்கிருதக் குடும்பத்திலிருந்து நம் மொழிகள் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று அடுக்கும்போது, இணைப்புச் சொற்களைவிட வினையெச்சத்தை இவை அதிகம் விரும்புகின்றன என்பதையும், ஹூ, விச் மாதிரியான சொல் இருக்க வேண்டிய இடத்தில் பெயரெச்சம் நிற்கிறது என்பதையும் குறிக்கிறார். காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று கேட்டால் எனக்கு இந்த ரெண்டு இடமும்தான் தோன்றும்.

அட்டவணையால் தொடவே முடியாத இன்னொரு ரகம் உண்டு, இணைப்புச் சொல்லே வராத காம்ப்ளெக்ஸ். மேலே சொன்ன அல்வா வாக்கியத்திலிருந்து விச் என்பதை எடுத்துவிடுங்கள். 'த அல்வா ஐ பாட் யெஸ்டர்டே இஸ் ஓவர்.' சரியான ஆங்கிலம், காம்ப்ளெக்ஸ்தான். 'ஐ நோ ஹி வில் கம்' என்பதிலும் தட் ஒளிந்திருக்கிறது. அட்டவணையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, சிம்பிள் என்று எழுதிவிட்டு வருவார்கள். அதே மாதிரி 'வொர்க் ஹார்ட் அண்ட் யூ வில் பாஸ்.' முதல் பாதியில் எழுவாயே இல்லையே என்பார்கள். ஏவல் வாக்கியத்தில் 'யூ' மறைந்து நிற்கும், அதனால் ஜோடி ரெண்டு, காம்பவுண்ட்.

ஜோடி ரெண்டு இருக்கிறது என்று தெரிந்த பிறகு காம்பவுண்டா காம்ப்ளெக்ஸா என்று எப்படிப் பிரிப்பது? ரெண்டு பாதியும் சமமாக நின்றால் காம்பவுண்ட், ஒன்று மற்றதைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். இணைப்புச் சொல்லோடு சேர்த்து அந்தப் பாதியைத் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள். 'த பஸ் வாஸ் லேட் பிகாஸ் இட் ரெயின்ட்' என்பதை 'பிகாஸ் இட் ரெயின்ட், த பஸ் வாஸ் லேட்' என்று திருப்பலாம், ஒன்றும் குறையாது, அப்போ காம்ப்ளெக்ஸ். 'இட் ரெயின்ட், ஸோ த பஸ் வாஸ் லேட்' என்பதைத் திருப்பினால் 'ஸோ த பஸ் வாஸ் லேட், இட் ரெயின்ட்' என்று உளறலாகிவிடும், அப்போ காம்பவுண்ட். ஹூ, விச், தட் வருகிற வாக்கியங்களில் இந்தத் திருப்பல் வேலைக்கு ஆகாது. அங்கே அந்தப் பாதி ஒரு பெயரையோ வினையையோ ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தாலே காம்ப்ளெக்ஸ் என்று தெரிந்துவிடும். ரெண்டும் கலந்து 'வென் த பஸ் கேம், முருகன் காட் இன், பட் ஹிஸ் சிஸ்டர் ஸ்டேய்ட்' என்று வந்தால் காம்பவுண்ட் காம்ப்ளெக்ஸ். பள்ளித் தேர்வில் இது அபூர்வம், தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

இப்போது ஒரு வம்பான இடம். 'ஹி ஓப்பன்ட் த டோர் அண்ட் வென்ட் இன்.' முற்று ரெண்டு, எழுவாய் ஒன்று. இது என்ன? அமெரிக்கப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிம்பிள் என்பார்கள், எழுவாய் ஒன்றுக்கு ரெண்டு பயனிலை, அவ்வளவுதான் என்று. நம் ஊர்ப் பள்ளிகளில் வழிவழியாக வருகிற வாக்கியம் மாற்றும் பயிற்சியில் இதையே காம்பவுண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். அண்டுக்குப் பிறகு 'ஹி' மறைந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நம் தமிழ்ப் பாடத்திலும் ஒரே எழுவாய் பல பயனிலை கொண்டு முடிந்தால் அதைத் தொடர் வாக்கியம் என்றுதானே சொல்கிறோம். யூடியூபில் ஒருவர் ஒன்று சொல்கிறார், கைடில் வேறு இருக்கிறது என்று பெற்றோர் வந்து கேட்கிறார்கள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டுத் தேர்வுக்கு, 'பீயிங் டயர்ட், ஹி வென்ட் டு பெட்' என்பதைக் காம்பவுண்ட் ஆக்கச் சொன்னால் 'ஹி வாஸ் டயர்ட் அண்ட் ஸோ ஹி வென்ட் டு பெட்' என்று எழுவாயை ரெண்டாவது தடவையும் எழுதிவிடுங்கள். எந்தக் கட்சிக்காரர் திருத்தினாலும் மார்க் வரும்.

டிஎன்பிஎஸ்சிகாரர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. சென்டென்ஸ் பேட்டர்ன் என்று எஸ்விஓ (எழுவாய், வினை, ஆப்ஜெக்ட்), எஸ்விசி (எழுவாய், வினை, காம்ப்ளிமென்ட்) கேட்பது வேறு சமாச்சாரம். 'ஹி மெட் எ டாக்டர்' என்பதில் டாக்டர் வேறு ஆள், அதனால் ஆப்ஜெக்ட். 'ஹி பிகேம் எ டாக்டர்' என்பதில் அவரேதான் டாக்டர், அதனால் காம்ப்ளிமென்ட். இதையும் சிம்பிள், காம்பவுண்டையும் ஒரே மூச்சில் படித்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் மார்க்குக்கு மட்டும்தானே என்று கேட்பவர்கள் ஒரு லீவ் லெட்டரை எடுத்துப் பாருங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அங்கே ஒரு முற்றுப்புள்ளி. அப்புறம் 'ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிரான்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.' நாம் எல்லாரும் இப்படி எழுதின கடிதத்தைப் பார்த்திருக்கிறோம், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் மெயிலிலும் இன்றைக்கும் அதே முற்றுப்புள்ளி. 'காய்ச்சலா இருக்கறதால' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் எதிரில் நிற்கிறவர் "ஆல... என்னலே, சொல்லு" என்பார் இல்லையா, ஆங்கிலம் தெரிந்தவருக்கு அந்தப் புள்ளி அப்படித்தான் இருக்கும். ஆஸ் வந்தவுடன் அந்தப் பாதி தனியாக நிற்கிற உரிமையை இழந்துவிடுகிறது, அங்கே கமா போட்டு அடுத்த பாதியோடு சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பு 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் த பஸ் கேம்.' ரெண்டு இணைப்புச் சொல், ரெண்டுமே ஒரே வேலைக்கு. ஒன்றை வெட்டுங்கள், எதை வெட்டினாலும் சரி. ஆல்தோவை வைத்தால் காம்ப்ளெக்ஸ், 'பட்' என்பதை வைத்தால் காம்பவுண்ட். 'பிகாஸ்... ஸோ' ஜோடிக்கும் இதே வெட்டுத்தான். அப்புறம் முற்றையே விட்டுவிடுவது: 'பிகாஸ் பஸ் லேட்', 'மை ஃபாதர் ஃபார்மர்'. 'எங்கப்பா விவசாயி' என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடலாம், பெயரே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தில் இஸ் போடாமல் அது வாக்கியமே ஆகாது.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இதையே செய்யுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் இருப்பதைத் தனியாக எடுத்து, முற்றுக்கு அடியில் கோடு போடுங்கள். கோடே விழாத வாக்கியத்தில் ஒரு இஸ் அல்லது வாஸ் விடுபட்டிருக்கும். ஒரே ஒரு கோடு விழுந்து, வாக்கியம் ஆஸ், பிகாஸ், ஆல்தோ, வென் என்று ஆரம்பித்தால், மிச்சப் பாதி அடுத்த வரியில் தனியாகக் கிடக்கும். ரெண்டு கோடு விழுந்து, ஆரம்பத்திலும் நடுவிலும் இணைப்புச் சொல்லே இல்லாமல் கமா மட்டும் இருந்தால், 'விச்', 'தட்' எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கமாவை அடித்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள்.