எல்லை கடந்த ஆள்வரை

தன் மண்ணுக்கு வெளியே இருப்பவரையும் தன் சட்டம் கட்டுப்படுத்தும் என்று ஒரு நாடு சொன்னால், அந்த உரிமைக்கு 'எக்ஸ்ட்ரா டெரிட்டோரியல் ஜூரிஸ்டிக்ஷன்' என்று பெயர். எல்லாம் லத்தீன் வேர்கள்: 'எக்ஸ்ட்ரா' வெளியே, 'டெர்ரா' நிலம், 'யூரிஸ் டிக்டியோ' சட்டத்தைச் சொல்லுதல். ஜூரிஸ்டிக்ஷன் தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'அதிகார வரம்பு', சட்டச்சொல் அகராதியில் 'ஆள்வரை', இலங்கையில் 'நியாயாதிக்கம்'. 'எல்லை கடந்த அதிகார வரம்பு' என்று எழுதினால் எல்லையும் வரம்பும் முட்டிக்கொள்கின்றன. ஆள்வரையிலும் ஒரு 'வரை' உண்டுதான், ஆனால் காதை உறுத்தாது. 'உலகளாவிய அதிகாரம்' என்பது பிழை. இந்தச் சட்டங்கள் உலகம் முழுவதையும் கோருவதில்லை. தம் நாட்டோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்கின்றன.

இணையத்தில் இந்தச் சிக்கலை முதலில் பெரிதாக்கியது அமெரிக்க இணைய நிறுவனமான யாஹூ மீதான வழக்கு. அதன் தளத்தில் இருந்த நாஜி நினைவுப் பொருள்களின் ஏலப் பக்கங்கள் பிரான்சில் தெரியாதபடி தடுக்க வேண்டும் என்று 2000 நவம்பர் 20 அன்று பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று மாத அவகாசம். தவறினால் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்க் அபராதம். இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை மட்டும் வைத்தே பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70% பேரை அடையாளம் காணலாம் என்று வல்லுநர் குழு சொல்லியிருந்தது. 2001இல், யாஹூ பதிலுக்குத் தொடுத்த வழக்கில், கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணான அந்த உத்தரவை அமெரிக்காவில் நிறைவேற்ற முடியாது என்றது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூலக் கேள்விக்கு விடை சொல்லாமலே யாஹூ தொடுத்த அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது, விசாரிப்பது, நிறைவேற்றுவது மூன்றும் தனித்தனி அதிகாரங்கள். முதல் இரண்டும் கடல் தாண்டலாம். மூன்றாவது, நிறுவனத்துக்கு அந்த நாட்டில் அலுவலகமோ வங்கிக் கணக்கோ இல்லாவிட்டால் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடும்.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியில் (ஜிடிபிஆர்) தொடர்பு எதுவென்று 3ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பூரில் பனியன் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மனியில் திறக்கிறது என்பது மட்டும் போதாது. விலையை யூரோவில் காட்டி, ஜெர்மன் மொழியில் ஆர்டர் எடுத்து, பெர்லினுக்கு அனுப்பினால் விதி பாயும். அங்குள்ளவர்களின் நடத்தையைக் குக்கீகளால் தொடர்ந்து கண்காணித்தாலும் பாயும். அப்போது ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துபூர்வமாக நியமிக்க வேண்டும். எப்போதாவது மட்டும், ஆபத்துக் குறைவாகத் தரவைக் கையாள்பவருக்கு விலக்கு உண்டு. நியமிக்கத் தவறினால் அபராதம் 1 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 2%, எது அதிகமோ அதுவரை போகலாம். பலர் தவறவிடுவது இந்தப் பிரதிநிதியைத்தான்.

இந்தியாவும் இதே உரிமையைக் கோருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 75ஆம் பிரிவுக்கு, குற்றத்தில் சம்பந்தப்பட்ட கணினியோ வலையமைப்போ இந்தியாவில் இருந்தால் போதும்; செய்தவர் எந்த நாட்டவர் என்பது பொருட்டல்ல. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ தருவது தொடர்பாக வெளிநாட்டில் கையாளும் டிஜிட்டல் தனிநபர் தரவுக்கும் பொருந்தும். வெறுமனே கண்காணிப்பதை அது ஒரு தொடர்பு என்று ஏற்கவில்லை. ஐரோப்பிய விதியோடு ஒப்பிட்டால் அதன் ஆள்வரை அந்த அளவுக்குக் குறுகியது.