அட்சதை மழையில் உடைந்துபோகும் கல்யாண வீடியோ

போன மாதம் செந்தூலிலிருந்து ஓர் அக்கா பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடைக்கு ஒரு பென் டிரைவோடு வந்தார். 2005ல் நடந்த அவருடைய கல்யாண வீடியோ. "தம்பி, தாலி கட்டும்போது எங்க அப்பா பக்கத்துல நின்னு அழுவாரு. அவர் முகத்த மட்டும் கொஞ்சம் தெளிவா ஆக்கித் தர முடியுமா?" என்றார். அப்பா இப்போது இல்லை.

போட்டுப் பார்த்தேன். ஹோமம் வளர்க்கும் வரை படம் ஓரளவு பரவாயில்லை. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுந்ததுதான் தாமதம், திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி, விபூதிப் பட்டை எல்லாம் ஒரே சாம்பல் திட்டு. கூறைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டி வழிந்திருந்தது.

கல்யாண வீடியோக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சுருக்கிய வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. மணவறை அசையாது, அதற்குச் செலவு குறைவு. நூற்றுக்கணக்கான அரிசியும் பூவிதழும் ஆளுக்கொரு திசையில் பறந்தால் எதையும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. கொடுத்த பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கிய தரவின் அளவு, போதாமல் போகும்போது நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கிப் போடும். நிறம் ஏற்கெனவே நாலு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது, அதனால் சிவப்பு இன்னும் சீக்கிரம் கலங்கும். குடும்பமே திரும்பத் திரும்பப் பார்க்க நினைக்கும் நொடிதான் இதில் முதலில் அடிபடுகிறது.

அக்காவிடம் விசாரித்தேன். முதலில் டிவிடி. கணினிக்காக யாரோ அதை ஏவிஐ ஆக்கினார்கள். அப்புறம் போனுக்காக எம்பி4. கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அங்கிருந்து இறக்கிய ஃபைல்தான் இந்தப் பென் டிரைவில் இருப்பது. ஒவ்வொரு முறையும் படத்தை விரித்து மறுபடி சுருக்கியிருக்கிறார்கள். முந்தைய சுருக்கத்தில் வந்த சதுரங்களையும் அசல் படமென்று நினைத்து அடுத்த சுருக்கம் காப்பாற்றப் பார்க்கும். போன நுணுக்கம் பிட்ரேட்டை ஏற்றினாலும் திரும்பாது. ஏஐ மென்பொருளில் போட்டால் முகம் பளிச்சென்று வரும். ஆனால் அது மென்பொருள் ஊகித்து வரைந்த முகம். அதை அவர் அப்பா என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அந்த டிவிடி இருக்கா?" என்று கேட்டேன். பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் இருக்கலாம் என்றார்.

சரி, டிவிடி வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்பி4, எம்கேவி, மூவ் எல்லாம் வெறும் பெட்டிதான். உள்ளே இருக்கும் படம் எச்.264, எச்.265, எம்பெக்-2 என ஏதோ ஒரு சுருக்கும் முறையில் இருக்கும். டிவியில் எம்கேவி ஓடவில்லை என்று வரும் ஃபைல்களில் பெரும்பாலும் உள்ளே டிவிக்குத் தெரிந்த எச்.264தான் இருக்கிறது. பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் 'காப்பி' என்று கொடுத்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. மறுபடி சுருக்காமல் வெட்ட வேண்டுமா, லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் இருக்கிறது. பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது எப்போதுமே படத்தை மறுபடி சுருக்கும். கடையில் கொடுத்தால் நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு மணி நேர வீடியோ ஓரிரு நிமிடத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெட்டி மட்டும் மாறியிருக்கிறது.

மறுபடி சுருக்கியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பல போன்கள் டிவிடியின் எம்பெக்-2வைத் திறக்காது. அப்போது கையில் இருப்பதிலேயே பழைய அசலிலிருந்து ஒரே ஒரு முறை செய்யுங்கள். பிட்ரேட்டை ஓர் எண்ணில் கட்டிப் போடாமல், தரத்தை ஓர் எண்ணால் குறிக்கும் சிஆர்எஃப் முறையை வையுங்கள், அட்சதை விழும் இடத்துக்குத் தேவையானதை அதுவே கூட்டிக் கொடுக்கும். எண் குறைந்தால் தரம் கூடும். எச்.264 ஆகச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் வழக்கமாக 23 இருக்கும், கல்யாண வீடியோவுக்கு நான் 18 வைக்கிறேன். எச்.265க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டிவிடியின் 720×576 புள்ளிப் படத்தை எச்டியாகப் பெரிதாக்க வேண்டாம். ஒலியை முடிந்தவரை அப்படியே காப்பி செய்யுங்கள்.

நம் ஊர்ப் பழைய கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைப்படங்களாக, ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக, பதிவு செய்தன. கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிவது அதனால்தான். எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கும் பிவ்டிஃப் (bwdif) வடிகட்டியால் அவற்றை 50 முழுப்படங்களாக மாற்றலாம். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும்.

மூன்றாம் வாரம் டிவிடி வந்தது. ஓரத்தில் கீறல் இருந்தும் ஓடியது. டிவிடியிலிருந்து வீடியோவை எடுக்கும் மேக்எம்கேவி மென்பொருளில் எதையும் தொடாமல் அப்படியே எடுத்தேன். இன்றைய போன் வீடியோ அளவுக்குத் தெளிவில்லை. ஆனால் கண்ணாடியின் சட்டம் தெரிந்தது. அதைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது. அக்கா அந்த இடத்தை நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

தன் தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தார். வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் அது சுருக்காது.