நாற்காலிக் கையில் ஒரு டம்ளர்க் குழி

அப்பாவின் சாய்வு நாற்காலி தேக்கில் செய்தது. அதன் வலப்பக்கக் கையின் நுனியில் வட்டமாக ஒரு கறை உண்டு. நாற்பது ஆண்டுகளாகக் காப்பி டம்ளர் உட்கார்ந்து உட்கார்ந்து படிந்த கறை. அந்த இடத்திலிருந்து டம்ளர் விழுந்து நான் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் உறுதி செய்தார். அதன் பிறகு இரண்டே மாதத்தில் மூன்று முறை விழுந்தது. மூன்றாவது முறை காப்பி தரைக்குப் போகவில்லை. தொடையில் கொட்டியது.

60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் தோலை ஆழமாகப் பொசுக்க ஏறத்தாழ ஐந்து விநாடி போதும். வயதானவர்களின் தோல் மெலிந்தது, அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். வேட்டி நனைந்து சூட்டைப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். 1992இல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், 79 வயது ஸ்டெல்லா லீபெக் நின்றிருந்த காரில் அமர்ந்தபடி காப்பிக் கோப்பையை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். கொட்டிய காப்பி மூன்றாம் நிலைத் தீப்புண்ணை உண்டாக்கியது. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. பிறகு நடந்த வழக்கை உலகமே பேசியது. என் மனத்தில் நிற்பதோ வழக்கில் வரும் ஒரு சின்ன விவரம்: அந்தக் காரில் கோப்பை வைக்கத் தனி இடம் கிடையாது.

நாற்காலிக் கையிலேயே டம்ளருக்கு ஒரு குழி எடுத்துவிடுவது என்று நானும் எங்கள் ஊர் ஆசாரியும் முடிவு செய்தோம். எடுப்பதற்கு முன் டம்ளர் ஏன் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு டம்ளரின் அடி விட்டம் 5 செ.மீ., வாய் விட்டம் 7 செ.மீ., உயரம் 9 செ.மீ. விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழ்வரை காப்பி ஊற்றினால் மொத்த எடை 300 கிராம். ஈர்ப்பு மையம் அடியிலிருந்து ஏறத்தாழ 4.4 செ.மீ. உயரத்தில் இருக்கும். டம்ளரைச் சாய்க்கச் சாய்க்க இந்த மையம் அடி விளிம்புக்கு நேர் மேலே வருகிறது. அதைத் தாண்டினால் டம்ளர் கவிழும். நம் டம்ளருக்கு அது 30 டிகிரி. கேட்கும்போது நிறையச் சாய்வாகத் தோன்றும். ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோக மையத்தை மேலே தூக்க வேண்டிய உயரம் 7 மி.மீ.கூட இல்லை. அதற்கு ஆகும் ஆற்றல் 0.02 ஜூல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முன்கை மெதுவாக, விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், நகர்ந்தாலே அதில் 0.19 ஜூல் இருக்கிறது. டம்ளரைக் கவிழ்க்கத் தேவையானதைப்போல ஒன்பது பத்து மடங்கு. விளிம்பில் பக்கவாட்டில் தள்ளுவதானால் 83 கிராம் விசை போதும், ஒன்றரைக் கோழிமுட்டையின் எடை. நாற்பது ஆண்டுகள் அந்த டம்ளரைக் காப்பாற்றியது அப்பாவின் கை, நாற்காலி அல்ல.

நாற்காலிக் கையில் ரப்பர் விரிப்பு ஒட்டினால் போதும் என்று பலர் சொன்னார்கள். உயரமான டம்ளருக்கு அது தீங்கு. வழவழப்பான மரத்தில் இடிபட்ட டம்ளர் சில நேரம் வழுக்கி நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். ரப்பர் அதன் அடியைப் பிடித்து நிறுத்திவிடுவதால் மேல்பாகம் மட்டும் நகர்ந்து, கவிழ்வதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லாமல் போகும்.

கவிழாமல் நிற்கச் செய்யும் கலை நமக்குப் பழையது. உருண்டை அடிப் பானையை வைக்க வைக்கோல் புரியைச் சுற்றிப் பிரிமணை செய்தார்கள். தயிர்ப்பானையை உறியில் தொங்கவிட்டார்கள். பிரிமணை பானையைப் பக்கவாட்டில் தாங்குகிறது. உறியில் ஈர்ப்பு மையம் தொங்கும் புள்ளிக்குக் கீழே இருப்பதால் பானை தானாகவே நேராகிக்கொள்கிறது. கப்பலில் திசைகாட்டியை வளையங்களுக்குள் தொங்கவிட்டதும் இதே உத்திதான். திரையரங்க இருக்கையின் கையில் கோப்பைக் குழியை 1981இல் கொண்டுவந்ததாக ஏ.எம்.சி. என்ற அமெரிக்கத் திரையரங்க நிறுவனம் சொல்கிறது. 1983இல் கிரைஸ்லர் வெளியிட்ட மினிவேன்களில் கோப்பைக் குழிகள் வந்த பிறகு கார்களில் அவை பரவின. வண்டி ஓடும், திரும்பும், குலுங்கும். வீட்டு நாற்காலி அப்படி அல்ல. அதற்கு வரும் ஆபத்து இடி ஒன்றுதான். இடித்தால் உறி ஊசலாடும். ஆகவே எங்களுக்கு வேண்டியது பிரிமணை.

முதலில் டபராவையே குழியில் இறக்கினோம். விளிம்பு மரத்தில் தொங்க, உள்ளே டம்ளர். சிந்தினால் டபராவுக்குள் சிந்தும், எடுத்துக் கழுவலாம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சோதித்தபோது தோற்றது. டபரா அகலமானது, டம்ளரைச் சுற்றி நிறைய இடம். தட்டியதும் டம்ளர் டபராவின் சுவர்மேல் சாய்ந்து நின்றது, விழவில்லை. ஆனால் காப்பி வெளியே வந்துவிட்டது. இங்கேதான் முக்கியமான கோணம் வேறொன்று என்பது புரிந்தது. விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழ்வரை நிறைந்த டம்ளர் 30 டிகிரியில் கவிழ்கிறது, ஆனால் 16 டிகிரியிலேயே சிந்தத் தொடங்கிவிடுகிறது. குழிக்குள் டம்ளர் எவ்வளவு சாய முடியும் என்பதை இந்த 16க்கு நன்றாகக் கீழே வைத்தாக வேண்டும்.

அப்படியானால் டம்ளரின் வடிவத்துக்கே அச்சாகக் குழியைச் செய்துவிட்டால் என்ன? அசையவே அசையாதே! அசையாது என்பதுதான் சிக்கல். டம்ளரின் சுவர் ஒவ்வொரு பக்கமும் 6 டிகிரிக்குச் சற்று அதிகமாக விரிகிறது. இந்தச் சரிவின் அளவு 0.11. மரத்துக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் பொதுவாக இதைவிட அதிகம். சரிவைவிட உராய்வு அதிகமாக இருக்கும் ஆப்பு, அடித்த இடத்திலேயே இறுகிக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் பிரிய மறுப்பது இதனால்தான். உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்துப் பிரிக்கும் வீட்டு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 6 செ.மீ. விட்டம் விரிவது 0.04 மி.மீ.தான், அந்த அளவே பிடியைத் தளர்த்திவிடுகிறது. நடுங்கும் கை இறுகிய டம்ளரை இழுத்தால் என்ன ஆகும்? முதலில் வராது. பிறகு திடீரென்று வரும், காப்பியோடு சேர்ந்து.

கெட்டியாகப் பிடிக்க வேண்டும், எடுக்கும்போது பிடியே இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகத் தந்தது இரட்டை வளையம். குழியின் அடியில் 5.3 செ.மீ. விட்டமும் 5 மி.மீ. ஆழமும் கொண்ட ஒரு சிறு படி. டம்ளரின் அடி அதற்குள் உட்காருகிறது. குழியின் தரையிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் 6.3 செ.மீ. விட்டமுள்ள மேல் வளையம். அந்த உயரத்தில் டம்ளரின் விட்டம் 5.9 செ.மீ. ஆகவே சுற்றிலும் இரண்டு மி.மீ. இடைவெளி. இடையே உள்ள சுவர் டம்ளரைத் தொடுவதே இல்லை. இடித்தால் அடி ஒரு பக்கமும் மேல்பகுதி மறுபக்கமும் வளையங்களில் முட்டிக்கொள்ளும். சாய்வு ஐந்து டிகிரியைத் தாண்டாது. நேராகத் தூக்கினால் எதுவும் தடுக்காது. ஆழத்தை இன்னும் கூட்டியிருந்தால் சாய்வு குறைந்திருக்கும், ஆனால் விரல்கள் பிடிக்க மேலே இருக்கும் 5 செ.மீ. கிடைத்திருக்காது. சூடான டம்ளரை விளிம்பில் பிடித்துத்தான் தூக்குகிறோம்.

தரையில் மூன்று சிறு புடைப்புகள் வைத்தோம். ஈரமான அடி வழவழப்பான தரையில் படிந்தால் நடுவே உள்ள நீர்ப்படலம் இழுத்துப் பிடிக்கும். புடைப்பு அந்தப் பிடியை விடுவிக்கிறது. மூன்று புள்ளியில் நிற்பது ஆடவும் ஆடாது.

மரத்தில் நேரடியாகக் குழி எடுத்துவிடவில்லை. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். ரேகை ஓடும் திசையில் அது அசைவதே இல்லை எனலாம், குறுக்கே அசைகிறது. அதனால் வட்டமாக எடுத்த துளை பருவம் மாறும்போது நீள்வட்டமாகிறது. 7 செ.மீ. துளையில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் அரை மி.மீ. வரை வேறுபாடு வரலாம். இரண்டு மி.மீ. இடைவெளியை நம்பியிருக்கும் அமைப்புக்கு அது பெரிய தொகை. சிந்தும் காப்பியின் சர்க்கரைக்கு எறும்பு வரும், ஈரத்தில் மரம் கறுக்கும். ஆகவே பாத்திரப் பட்டறையில் எஃகுக் கிண்ணம் ஒன்றைச் செய்து வாங்கி, மரத்தில் எடுத்த 7 செ.மீ. துளையில் விளிம்பால் தொங்கவிட்டோம். சுற்றிலும் விட்ட இடைவெளியில் மரம் தன் விருப்பப்படி அசைந்துகொள்ளும். கிண்ணத்தைத் தூக்கிக் கழுவலாம்.

எங்கே துளையிடுவது என்பதில் ஆசாரி என்னைத் திருத்தினார். நான் பென்சிலால் வட்டம் போட்டது பழைய கறையின் மேலேயே, கையின் நுனியில். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து காட்டினார். எழும்போது இரண்டு உள்ளங்கைகளும் அந்த நுனிகளில்தான் ஊன்றின. நாற்காலிக் கையின் அகலம் 9 செ.மீ.; அதில் 7 போனால் மிச்சம் 2. வளைவைத் தாங்கும் பலம் அகலத்தைப் பொறுத்தது. நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாத இடத்தில் அப்பா தன் பாதி எடையை ஊன்றுவார். டம்ளரைக் காப்பாற்றப் போய் ஆளை விழவைத்திருப்போம். நுனியை அப்படியே விட்டு, முன்காலுக்குச் சற்றுப் பின்னே, கையின் வெளிப்பக்கத்தில் ஒரு தேக்குத் துண்டை ஒட்டி அகலத்தைக் கூட்டி, துளையை அந்தத் துண்டில் எடுத்தார். முன்கை தன் பழைய இடத்தில் படுத்துக்கொள்ள, டம்ளர் அதற்கு வெளியே நிற்கிறது. வெளியே தள்ளி நிற்கும் 300 கிராம் நாற்காலிக்கு ஒரு பொருட்டே அல்ல. நாற்காலி சாய்ந்திருந்தாலும் அதன் கை மட்டமாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1903இல் தாமஸ் லீ உருவாக்கிய அடிராண்டாக் நாற்காலியிலும் இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும், கைகளோ அகலமாகவும் மட்டமாகவும் இருக்கும். கை சரிந்தால் குழியும் சரியும், 16 டிகிரியில் ஒரு பகுதி டம்ளர் நிற்கும் முன்பே செலவாகிவிடும்.

குழி நாற்காலியின் வலக் கையிலா இடக் கையிலா என்பதற்கு விடை காப்பியின் அலையில் இருந்தது. டம்ளரில் உள்ள நீர்மம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தளும்புவதற்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் டம்ளரின் ஆரமே முடிவு செய்கிறது. 3 செ.மீ. ஆரத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை. பார்க்கின்சன் நோயில் கை ஓய்வாக இருக்கும்போது வரும் நடுக்கம் விநாடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். சிறு நடுக்கமும் அலையை வளர்த்துக்கொண்டே போகும். காப்பியோடு நடக்கும்போது ஏன் சிந்துகிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் இருவர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். நடையின் தாளமும் கோப்பைத் தளும்பலும் நெருங்கி வருவதை அவர்கள் காட்டினார்கள். அப்பாவுக்கு நடுக்கம் வலக்கையில். அந்தக் கை ஓய்வெடுக்கும் பலகையிலேயே டம்ளர் நிற்பது தளும்பலுக்கு வழிவிடுவதாகும். குழி இடப்பக்கத்துக்குப் போனது.

இந்த இடத்தில் நம் காப்பிக்கு ஒரு பாராட்டு. தண்ணீரைவிட நுரை நிறைந்த பானம் குறைவாகத் தளும்பும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மேலே ஐந்து அடுக்குக் குமிழிகள் இருந்தாலே அலை வெகுவாக அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். குமிழிகள் சுவரில் உராய்ந்து அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன. அம்மா உயரத் தூக்கி ஆற்றும் காப்பியில் நுரை அதைவிடத் தடிமனாகவே நிற்கிறது.

எல்லாம் பொருத்திய முதல் நாள் ஒரு குறை தெரிந்தது. அப்பாவால் டம்ளரை எளிதாக எடுக்க முடிந்தது, திரும்ப வைக்கத்தான் சிரமப்பட்டார். 5 செ.மீ. அடியை 6.3 செ.மீ. வாய்க்குள் குறிபார்த்து இறக்க வேண்டும். எந்தப் பக்கமும் ஆறு ஏழு மி.மீ.க்கு மேல் பிழைக்கு இடமில்லை. இலக்கு குறுகக் குறுக அதை எட்ட அதிக நேரம் ஆகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் அளந்து காட்டினார். நடுங்கும் கைக்கு அந்தக் கூடுதல் நேரம் முழுதும் தளும்பும் நேரம். டம்ளர் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தாங்கவில்லை.

கிண்ணத்தைப் பட்டறைக்கே எடுத்துப்போய், மேல் வளையத்துக்கு மேலே 8 செ.மீ. வரை விரியும் சரிவான வாய் ஒன்றைப் புனல்போல அடித்து வாங்கி வந்தேன். அதற்கேற்ப ஆசாரி மரத்தைச் சுற்றிலும் இழைத்துச் சரித்தார். இப்போது அடி எந்தப் பக்கம் ஒன்றரை செ.மீ. தவறி வந்தாலும் சரிவில் பட்டு, நழுவி, தானாகவே நடுவுக்கு வருகிறது. கீழ்ப்படியில் உட்காரும்போது 'டக்' என்று எஃகு எஃகைத் தொடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா விரல்களை எடுக்கிறார்.