கொலஸ்ட்ரால் டெஸ்ட்: வெறும் வயிறு எந்த எண்ணுக்காக?

"எதுவும் சாப்பிடலீங்க, டீ மட்டும்தான் குடிச்சேன்." ரத்தம் எடுக்கும் நாற்காலியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாலும் சர்க்கரையும் கலந்த டீ, டெஸ்டைப் பொறுத்தவரை சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். அதற்காக ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? எந்த எண்ணுக்காக வந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லிப்பிட் புரொஃபைல் என்ற இந்த ரத்தக் கொழுப்பு டெஸ்டில் மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்), எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்), டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) என்று முக்கியமாக நான்கு எண்கள் இருக்கும். இவற்றில் சாப்பிட்டதும் நன்றாக ஏறுவது டிரைகிளிசரைடு மட்டுமே. உணவிலுள்ள கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்ற நுண்துகள்களாக்கி ரத்தத்தில் சேர்க்கிறது. அவை கரைந்து தீரப் பல மணி நேரம் பிடிக்கும். எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டவரின் ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் என்ற நீர்ப்பகுதி பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கி நிற்கும். அந்தக் குழாயை ஓர் இரவு ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மேலே ஏடு கட்டும். அந்த ஏடுதான் கைலோமைக்ரான். இந்தக் கலங்கல் ஒளியை மறிப்பதால், அதே குழாயில் செய்யும் வேறு சில டெஸ்டுகளும் தப்பாகலாம்.

மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பெரிதாக அசையாது. வம்பு எல்டிஎல்லில். பல லேப்களில் அதை அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். 1972-இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் சொல்வது இது: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. மொத்தம் 210, எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 140 (எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மி.கி. கணக்கு). அதே ஆள் சாப்பிட்டுவிட்டு வந்து டிரைகிளிசரைடு 250 ஆகி, மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் எல்டிஎல் 120 என்று வரும். உடம்பில் எதுவும் குறையவில்லை, ரிப்போர்ட்டில் குறைந்துவிட்டது! அந்த ஐந்தில் ஒரு பங்கு என்பது, கல்லீரல் டிரைகிளிசரைடை ஏற்றி அனுப்பும் விஎல்டிஎல் என்ற துகளில் இருக்கும் கொலஸ்ட்ராலுக்கான தோராயம். கைலோமைக்ரானில் டிரைகிளிசரைடுதான் பெரும்பகுதி, கொலஸ்ட்ரால் கொஞ்சமே. அதனால் அந்த விகிதம் அங்கே பொருந்தாது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது.

இப்போது சில டாக்டர்கள் "சாப்பிட்டே வாங்க" என்பதும் சரிதான். வழக்கமான அளவான சாப்பாட்டுக்குப் பின் டிரைகிளிசரைடு சராசரியாக ஏறுவது சுமார் 26 மி.கி. என்று கண்டதால், 2016-இல் ஐரோப்பிய நிபுணர் குழு வழக்கமான டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை என்றது. 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு, சாப்பிட்ட வயிறு இரண்டில் எதுவானாலும் போதும் என்கிறது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் வரும் 'நான்-எச்டிஎல்' எண்ணுக்குள் டிரைகிளிசரைடே நுழைவதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தமானால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் சாப்பிட்ட நிலையில் டிரைகிளிசரைடு 400 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், ஏற்கெனவே அது கூடுதல் என்று தெரிந்தவர்கள், அதனால் கணைய அழற்சி வந்தவர்கள், அன்றே ஃபாஸ்டிங் சர்க்கரையும் பார்க்கப் போகிறவர்கள் ஆகியோருக்கு வெறும் வயிறு அவசியம். முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் போன தடவை எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே கொடுங்கள்.

வெறும் வயிறு என்றால் 9 முதல் 12 மணி நேரம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை 7-க்கு ரத்தம் கொடுக்கலாம். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்து வாங்குவீர்கள். காபி, ஜூஸ், சூயிங்கம் வேண்டாம். டெஸ்ட் நன்றாக வரட்டும் என்று இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வருவது தப்பு. ஒரு வாரம் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வருவதும் அப்படித்தான். அந்த ரிப்போர்ட், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடாத சாப்பாட்டின் கணக்கைத்தான் காட்டும். முந்தின நாள் மது டிரைகிளிசரைடை ஏற்றிவிடும்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் கவனம். சாப்பிடாமல் இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால் மயக்கம் வரலாம். காலை டோஸை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், முதல் ஆளாக ரத்தம் கொடுங்கள், கையில் சாப்பாடு இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் டெஸ்ட் கிடக்கட்டும், உடனே வாயில் சர்க்கரை போடுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை டெஸ்டுக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பல சமயம் இந்த டெஸ்டே.

வந்ததும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். படுத்த நிலையில் எடுத்தால் கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரியும். கையில் கட்டிய பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் கூடுதலாகத் தெரியும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு முடிந்து சில வாரங்களுக்குக் கொலஸ்ட்ரால் இயல்பைவிட இறங்கியே நிற்கும்.

டீ குடித்துவிட்டீர்களா? மறைக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். 6.30-க்குப் பால் டீ என்று ஒரு வரி இருந்தால், டிரைகிளிசரைடு 190 என்று வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று டாக்டருக்குத் தெரியும்.