சாயங்கால எரிச்சலும் ஏடிஎச்டி மாத்திரையும்

கம்பத்தில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். குமுளி, வண்டன்மேடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்த 40 வயது ஏலக்காய் வியாபாரி (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) உட்காரும் முன்னாலேயே, "மேடம், மாத்திரைக்கு அடிமையாகிட்டேன், நிறுத்திடலாமா?" என்றார்.

போடி ஏலத்தில் லாட் ஓடும்போது அசையாமல் உட்கார்ந்து விலை கேட்கிற மனிதர், ஜிஎஸ்டி கணக்கை மட்டும் நாலு மாதம் பாக்கி வைப்பார். வீட்டில் சோம்பேறிப் பட்டம். அது சோம்பலே இல்லை. பரபரப்பான வேலை தானாகவே மூளையை முடுக்கிவிடும், சலிப்பான வேலை முடுக்காது, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

அவர் சாப்பிடுவது மெத்தில்பெனிடேட். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி சொல்ல வெளியே விடும் டோபமைன் என்ற ரசாயனத்தை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் மடை வழியாக வடிந்துபோகிற மாதிரி. மாத்திரை அந்த மடையைக் கொஞ்சம் அடைக்கிறது, நார்அட்ரினலின் என்ற இன்னொரு செய்தி ரசாயனத்துக்கும் அப்படித்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிக்கு எடுத்த வேலையைப் பிடித்து வைக்கத் தெம்பு வருகிறது. அளவு மீறினால் தண்ணீர் தேங்கிய பயிர் கதிதான், படபடப்பு வரும், கவனமும் கெடும். அதனால்தான் குறைவாகத் தொடங்கி, பிரஷரும் பல்ஸும் பார்த்துக் கூட்டுகிறோம்.

சரி, அடிமையானதாக ஏன் நினைத்தார்? மதியம் தாண்டினால் எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல். சாப்பாடு பற்றிக் கேட்டேன். காலை எட்டரைக்கு மாத்திரை, அப்புறம் பசியே இல்லை, வெறும் டீ. சாதாரண மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அது இறங்கும் நேரமும் காலி வயிறும் சேர்ந்துகொண்டன. வாய்வழியாகப் போகும்போது மூளையில் மெதுவாக ஏறுவதால், சொன்ன அளவில் சாப்பிட்டால் போதை ஏறுவதில்லை. பொடித்து மூக்கால் உறிஞ்சினால் கதையே வேறு, இந்த மருந்து 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதும் அதனால்தான்.

நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றினேன். இட்லி உள்ளே போன பிறகே மாத்திரை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு மணிக்குச் சோறு.

கிளம்பும்போது, நீட் படிக்கும் அக்கா மகனுக்கு ஒன்று கொடுக்கலாமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தப் பையனின் இதயம் எப்படி இருக்கிறதென்று நம் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் கவனம் நிற்கவில்லை என்றால் அவனையே கூட்டி வரட்டும், பார்க்கிறேன்.