குண்டாஸ் போட்டுவிட்டார்கள் என்றால் அடுத்து என்ன?

மகன் ரிமாண்டில் இருக்கிறான், ஜாமீனில் எடுத்துவிடலாம் என்று குடும்பம் காத்திருக்கும்போதுதான் பெரும்பாலும் சிறைக்குள்ளேயே அந்த ஆணை கொடுக்கப்படுகிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு சட்டம் 14/1982 தடுப்புக் காவலுக்கானது. விசாரணை, சாட்சி எதுவும் இல்லாமல் மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஆணையிட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். இதற்கு ஜாமீன் கிடையாது. ஆனால், நடைமுறையில் ஒரு பிசகு இருந்தாலே உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்யக்கூடும். அந்தப் பிசகு பெரும்பாலும் தேதிகளிலும் தாள்களிலும்தான் இருக்கும்.

காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள் கைதியிடம் கொடுக்க வேண்டும். ஆணையிட்ட 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை செல்லாது. காவலில் வைத்த 3 வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் கழகத்துக்கு (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) போக வேண்டும். கழகம் காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியை உடனே குறித்து வையுங்கள்.

கூடவே தரப்படும் ஆவணக் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். படிக்க முடியாத நகல், விடுபட்ட பக்கம், கைதிக்குத் தமிழ் மட்டும் தெரிந்திருக்க மொழிபெயர்க்காமல் வைத்த ஆங்கில ஆவணம், எதையும் விடாதீர்கள். 'இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவரும் வெளியே வந்துவிடுவார்' என்ற வரி பல ஆணைகளில் வரும். எந்த வழக்கு, எந்தத் தேதி, என்ன மனு எண், ஜாமீன் பெற்றவர் இதே வழக்கில் உடன் குற்றம் சாட்டப்பட்டவரா என்ற விவரம் இல்லாமல் அப்படி எழுதியது போதாது என்று ரேகா வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது முறையீடு. அரசியலமைப்பின் 22(5) பிரிவு தரும் உரிமை இது. ஆணையிட்ட அதிகாரிக்கு ஒன்று, உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலருக்கு ஒன்று என்று பதிவு செய்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்த்ததற்கான ஒப்புகையுடன் அனுப்புங்கள். வேண்டிய நகல்களையும் அதிலேயே கேளுங்கள். ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விட்டுவிடுவது பெரிய தவறு. முறையீட்டை அரசு காரணமின்றிக் கிடப்பில் போட்ட நாட்களே, காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் (ஹேபியஸ் கார்பஸ்) வலுவான வாதமாகும். அனுப்பவே இல்லையென்றால் அந்த வாதமும் இல்லை.

அறிவுரைக் கழகத்தில் வக்கீல் ஆஜராக முடியாது. வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ துணை நிற்கலாம். அதற்கான கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

இதற்கிடையே, முதலில் ரிமாண்டுக்குக் காரணமான மூல வழக்கை மறந்துவிடுகிறார்கள். குண்டாஸ் ரத்தானாலும் அந்த வழக்கில் ஜாமீன் இல்லையென்றால் சிறைக் கதவு திறக்காது. குற்றத்தைப் பொறுத்து பொதுவாக 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. அது தானாக வராது. குற்றப்பத்திரிகை வந்து சேரும் முன்பே மனு போட்டிருக்க வேண்டும்.