ரோமானிய நாணயம்: எப்போது வாங்கலாம், எப்போது கையைக் கட்டிக்கொள்ளலாம்?

"இரண்டாயிரம் வருஷத்துக் காசு, விட்டால் கிடைக்காது" என்ற பதற்றத்தில்தான் புதியவர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை மறுபடியும் கிடைக்கும். பேரரசர்கள் டிராஜன், ஹேட்ரியன் காலத்து டெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகள் ஓயாமல் ஏலத்துக்கு வருகின்றன. மூன்றாம் கோர்டியனின் (கி.பி. 238–244) அன்டோனினியானஸ் என்னும் வெள்ளிக்கலப்புக் காசும் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் சிறு வெண்கலக் காசுகளும் குவியலாகவே வரும்.

அரிய காசுதான் விலை போகும் என்றும் இல்லை. பேரரசர் திபேரியஸின் டெனாரியஸ் ஏராளமாக இருக்கிறது. ஆனால் இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு அதுதான் என்ற நம்பிக்கை அதன் விலையை இறங்க விடுவதில்லை. கி.பி. 69இல் மூன்றே மாதம் ஆண்ட ஓத்தோவின் கதையும் இப்படித்தான்: ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையிலான பன்னிரு சீசர்கள் வரிசையை நிரப்ப நினைக்கும் எல்லோருக்கும் அவர் வேண்டும். இப்படிப்பட்டவற்றுக்குக் காத்திருந்தால் நல்ல காசு அமையலாம். மலிவான காசு அமைவது கஷ்டம்.

விற்பனைக் குறிப்பில் "ஆர் 5, மிக அரியது" என்று இருந்தால் உடனே மயங்க வேண்டாம். ரோமானியப் பேரரசுக் காசுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் ஆர்ஐசி பட்டியல் தொகுதிகளின் பழைய பதிப்புகளில் உள்ள இந்த அரிதுக் குறிகள், உலோகம் காட்டும் கருவிகள் பரவலாகி மண்ணிலிருந்து காசுகள் நிறைய வெளிவருவதற்கு முன் போடப்பட்டவை. எழுத்து, பின்பக்க உருவம், அக்கசாலைக் குறி (காசு அடித்த இடத்தைக் காட்டுவது) ஆகியவற்றை வைத்து ஆர்ஐசி எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பட்டியலின் இணைய வடிவமான ஓசிஆர்ஈ தளத்தில் இலவசமாகவே தேடலாம். பிறகு ஏல ஆவணத் தளங்களில், கடந்த ஐந்தாண்டுகளில் அதே வகைக் காசு எத்தனை முறை, என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். பதினைந்து, இருபது விற்பனைகள் கிடைத்தால் மேலே இரண்டையும் கீழே இரண்டையும் தள்ளிவிடலாம். மேலே உள்ளவை பெரும்பாலும் இருவர் மல்லுக்கு நின்றதால் ஏறியவை. கீழே உள்ளவற்றில் ஏதோ குறை ஒளிந்திருக்கும். நடுவில் மிஞ்சுவதுதான் சந்தை விலை. ஒப்பிடும்போது தேய்மானத்தை மட்டும் பார்க்காதீர்கள். உருவம் நடுவில் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பு அரிக்காமல் இருக்கிறதா என்பதே பலமுறை விலையை இரட்டிப்பாக்குகிறது.

ஏலத்தில் உச்ச வரம்பைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். மொத்தமாக 300 செலவழிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 5 சதவீதம் என்றால் 300ஐ 1.05ஆல் வகுத்தால் 285. அனுப்பும் செலவு 20 போக 265. ஏல நிறுவனத்தின் கட்டணம் 22 சதவீதம் என்றால் 1.22ஆல் வகுக்க வேண்டும்: 217. ஆக உங்கள் கேட்பு 215இல் நின்றுவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு படி" என்று ஏறுகிற ஒவ்வொரு 10ம் கையில் 13 ஆகிவிடும்.

விலை சந்தைக்குப் பாதியாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் எடையைக் கேளுங்கள். பேரரசர் நீரோ கி.பி. 64இல் குறைப்பதற்கு முன் டெனாரியஸ் ஏறக்குறைய 3.8 கிராம், பிறகு 3.4 கிராம். அகஸ்டஸ் காசு 2.9 கிராம்தான் என்றால், செம்பின்மேல் வெள்ளி போர்த்திய பழங்காலக் கள்ளக்காசாக இருக்கலாம். அதுவும் சேகரிப்புப் பொருள்தான், ஆனால் விலை வேறு. நவீன வார்ப்புப் போலியில் எழுத்துகள் சோப்பில் பதித்ததுபோல் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கிடைப்பது சகஜம். ஒரே இடத்தில் ஒரே கீறலோடும் ஒரே வெடிப்போடும் இரண்டு கிடைத்தால் குறைந்தது ஒன்று போலி. செஸ்டெர்ஷியஸ் என்னும் பெரிய பித்தளைக் காசுகளில் வேறு தந்திரம்: முகம் தேய்ந்திருக்கும், தலைமுடி மட்டும் கூர்மையாக இருக்கும். உளியால் பிற்காலத்தில் செதுக்கியது. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டுக்கொண்டிருக்கும் வரை தின்றுகொண்டே இருக்கும். நிறுத்தினாலும் குழி மறையாது.

ஆவணமில்லாத காசையும் மலிவு என்று எண்ண வேண்டாம். சீசர் கொலையைக் குறிக்கும் ப்ரூட்டஸின் 'ஈட் மார்' தங்கக்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன் உடைமை வரலாறு பொய் என்று தெரிந்து 2023இல் கிரீஸுக்குத் திரும்பியது. பழைய ஏலப் பட்டியலில் படம் இருக்கிற காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமல்ல.

காத்திருக்கக் கூடாத காசும் உண்டு. ஆவணத் தளங்களில் இருபது ஆண்டுகளில் இரண்டே முறை வந்த வகை, ஆவணமும் சரியாக இருக்கிறது என்றால், முன்பு போன விலையைவிட 20, 30 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் கேட்டுவிடலாம். மாறாக, அரிதாக இருந்த ஒரு வகை திடீரென்று ஒரே மாதத்தில் நான்கு ஏலங்களில், ஒரே மாதிரி நிறத்தோடு வந்தால் புதையல் ஒன்று பிரித்து விற்கப்படுகிறது. அல்லது யாரோ புது அச்சு வெட்டிப் போலி அடிக்கிறார்கள். முதலாவது என்றால் அடுத்த ஆறு மாதத்தில் விலை இறங்கும். இரண்டாவது என்றால் அதற்குள் யாராவது அச்சை ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருப்பார்கள்.